உடல் இயக்க மேம்பாட்டில் முறைமைச் சிந்தனை

உடல் இயக்க மேம்பாட்டில் முறைமைச் சிந்தனை என்பது, மக்கள் போதிய உடல் இயக்கமின்றி வாழ்வதைத் தனிமனிதரின் சோம்பலாக மட்டும் கொள்ளாமல், சாலை, பள்ளி, பணியிடம், பூங்கா, மருத்துவமனை, குடியிருப்புத் திட்டம் ஆகியவை ஒன்றையொன்று பாதித்து உண்டாக்கும் விளைவாகக் கொண்டு, அவற்றுக்குப் பொறுப்பான துறைகளை இணைத்துச் செயற்படுத்தும் அணுகுமுறை ஆகும். உலக சுகாதார அமைப்பு 2018-இல் வெளியிட்ட உடல் இயக்கத்துக்கான உலகச் செயல்திட்டம் இவ்வணுகுமுறையை அடிப்படையாகக் கொண்டது. கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில் 1974-இல் தொடங்கிய சிக்ளோவியா இதற்கு அடிக்கடி காட்டப்படும் எடுத்துக்காட்டு ஆகும். ஆயினும் அது தொடங்கிய நாளில் அதனை நடத்தியவர்கள் எவரும் இத்தகைய கோட்பாடு எதையும் மனத்திற் கொண்டிருக்கவில்லை.

சொற்பொருள்

உடல் இயக்கம் என்பது எலும்புத் தசைகள் இயங்கி ஆற்றலைச் செலவிடும் எவ்வகை அசைவையும் குறிக்கும். பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பது, வீட்டைப் பெருக்குவது, வயலில் வேலை செய்வது ஆகியனவும் இதில் அடங்கும். உடற்பயிற்சி என்பது இதன் ஒரு சிறு பகுதியே. திட்டமிட்டு, உடல் தகுதியைக் கருதித் திரும்பத் திரும்பச் செய்யப்படுவது மட்டுமே உடற்பயிற்சி எனப்படும். இவ்வேறுபாடு சொல்லளவில் நின்றுவிடுவதன்று. உடற்பயிற்சி என்று கொண்டால் விளையாட்டுத் துறையும் உடற்பயிற்சிக் கூடமும் போதும் என்று தோன்றும். உடல் இயக்கம் என்று கொண்டால் நடைபாதையும் தெருவிளக்கும் பேச்சுக்குள் வந்துவிடும்.

முறைமை என்பது, தம்முள் தொடர்புடைய பல கூறுகள் சேர்ந்து, தனித்தனியே எந்தக் கூறுக்கும் இல்லாத நடத்தையைக் காட்டும் முழுமை ஆகும். இதனை ஒருங்கியம் என்றும் வழங்குவர். அமைப்பு என்னும் சொல் நிறுவனத்தையும் குறிப்பதால் இங்குத் தவிர்க்கப்பட்டுள்ளது.

சிக்கலின் அளவு

வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடல் இயக்கமோ, 75 முதல் 150 நிமிடங்கள் கடுமையான உடல் இயக்கமோ பெற வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை ஆகும். சிறுவர்க்கும் பதின்பருவத்தினர்க்கும் இது நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள். 2024-இல் வெளியான ஆய்வின்படி, 2022-இல் உலகின் வளர்ந்தோரில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர், அதாவது 180 கோடிப் பேர், இக்கீழெல்லையைக்கூட எட்டவில்லை. பெண்களிடையே இது ஏறத்தாழ 34 விழுக்காடாகவும் ஆண்களிடையே 29 விழுக்காடாகவும் இருந்தது. 11 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களுள் 81 விழுக்காட்டினர் 2016-இல் போதிய இயக்கம் இன்றி இருந்தனர். இதய நோய், இரண்டாம் வகை நீரிழிவு, மார்பகப் புற்றுநோய், குடற்புற்றுநோய் ஆகியவற்றுக்கு இயக்கமின்மை ஒரு காரணி. 2012-இல் வெளிவந்த ஒரு கணக்கீடு, ஆண்டுக்கு 53 இலட்சம் இறப்புகளை இதனோடு தொடர்புபடுத்தியது.

ஒரே துறையால் ஏன் இயலாது

இயக்கமின்மையால் வரும் நோய்களுக்கான செலவைச் சுகாதாரத் துறை ஏற்கிறது. ஆனால் மக்கள் நடப்பதையும் நடக்காமல் விடுவதையும் முடிவு செய்யும் கருவிகளுள் பெரும்பாலானவை அத்துறையின் கையில் இல்லை. நடைபாதையின் அகலத்தை நெடுஞ்சாலைத் துறையோ உள்ளாட்சியோ முடிவு செய்கிறது. வீட்டுக்கும் சந்தைக்கும் இடையிலான தொலைவு நகரமைப்புத் துறையினரின் வரைபடத்தில் உள்ளது. விளையாட்டுப் பாடவேளை கணிதத்துக்கு மாற்றப்படுவதும் மாற்றப்படாததும் பள்ளியின் கையில் உள்ளது. இருட்டிய பிறகு ஒரு பெண் தனியே நடந்து வர முடியுமா என்பதில் காவல்துறைக்கும் தெருவிளக்குக்கும் பங்குண்டு. இந்நிலையில் "நாள்தோறும் நடங்கள்" என்று சுகாதாரத் துறை ஒட்டும் சுவரொட்டி, நடக்க இடம் உள்ளவர்களுக்கு மட்டுமே பயன்படுகிறது.

முறைமைச் சிந்தனையில் அடிப்படையான கருத்து பின்னூட்டச் சுழற்சி ஆகும். பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளைக் கொண்டு இதனை விளக்கலாம். சாலையில் ஊர்திகள் பெருகும்போது, குழந்தையைத் தனியே அனுப்பப் பெற்றோர் அஞ்சித் தாமே ஊர்தியில் கொண்டுவிடுகின்றனர். அதனால் பள்ளி வாயிலில் ஊர்திகள் மேலும் பெருகுகின்றன. அதைக் கண்டு, அதுவரை நடத்தி அனுப்பிய பெற்றோரும் அஞ்சுகின்றனர். இதில் எவரும் தவறாக முடிவெடுக்கவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. ஒவ்வொருவரும் தம் குழந்தையின் நலன் கருதிச் செய்தது சேர்ந்து எல்லாக் குழந்தைகளுக்கும் தீங்காகிறது. மேயர் ஹில்மன், ஜான் ஆடம்சு, ஜான் வைட்லெக் ஆகியோர் இங்கிலாந்தில் செய்த ஆய்வு இச்சுழற்சியின் வேகத்தைக் காட்டியது. 1971-இல் ஏழு, எட்டு வயதுக் குழந்தைகளுள் 80 விழுக்காட்டினர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றனர். 1990-இல் அது 9 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. இதே காலத்தில் சாலை விபத்துகளில் குழந்தைகள் இறப்பது குறைந்தது. சாலைகள் பாதுகாப்பாகிவிட்டன என்று அதிகாரிகள் இதற்குப் பொருள் கூறினர். குழந்தைகள் சாலையிலிருந்தே அகற்றப்பட்டுவிட்டனர் என்பது ஆய்வாளர்களின் மறுமொழி.

இச்சுழற்சியை எதிர்த்திசையிலும் சுழலச் செய்ய முடியும் என்பதற்கு நெதர்லாந்து சான்றாகிறது. அந்நாட்டில் 1971-இல் சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் திரண்டு நடத்திய "குழந்தைக் கொலையை நிறுத்து" என்னும் இயக்கமும், 1973-இல் எழுந்த எண்ணெய் நெருக்கடியும் ஒருசேர வந்து, மிதிவண்டிக்குத் தனிப்பாதை அமைக்கும் கொள்கைக்கு வழிவகுத்தன. அக்கொள்கையைத் தூண்டியவை சாலைப் பாதுகாப்பும் எரிபொருளுமே. உடல்நலம் அப்போது முதன்மைக் காரணமாக இருக்கவில்லை.

கோட்பாட்டின் வேர்கள்

முறைமைக் கோட்பாடு உயிரியலில் லுட்விக் வான் பெர்ட்டலன்ஃபியிடமிருந்தும், மேலாண்மையில் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தின் ஜே பாரெசுட்டரிடமிருந்தும் வளர்ந்தது. பாரெசுட்டர் 1950-களில் முறைமை இயக்கவியலை உருவாக்கினார். அவர் வழிவந்த டொனெல்லா மெடோசு 1999-இல் எழுதிய கட்டுரை, முறைமை ஒன்றில் தலையிடத்தக்க 12 நெம்புகோற் புள்ளிகளை வலிமை வரிசையில் அடுக்கியது. எண்களையும் அளவுகளையும் மாற்றுவது அவற்றுள் வலிமை குன்றியது. விதிகளை மாற்றுவது அதனினும் வலியது. முறைமையின் குறிக்கோளையும், அதனைப் பிறப்பித்த எண்ணப்போக்கையும் மாற்றுவது வலிமை மிக்கது. நகரச் சாலைக்கு இதனைப் பொருத்திப் பார்த்தால், இரண்டு கிலோமீட்டர் நடைபாதை கூடுதலாகக் கட்டுவது முதல் வகை. நடைபாதை இல்லாமல் எச்சாலையும் கட்டக்கூடாது என்பது விதி மாற்றம். ஊர்திகளின் வேகம் அன்று, மக்கள் வேண்டிய இடத்தை அடைவதே போக்குவரத்துத் துறையின் அளவுகோல் என்பது குறிக்கோள் மாற்றம். அரசுகள் பெரும்பாலும் முதல் வகையிலேயே நின்றுவிடுகின்றன. அதைத்தான் திறப்பு விழா வைத்துத் திறக்க முடியும்.

பொதுச் சுகாதாரத்தில் இச்சிந்தனை பரவலாகத் தெரியவந்தது, பிரித்தானிய அரசின் தொலைநோக்குத் திட்டம் 2007-இல் உடற்பருமன் பற்றி வெளியிட்ட வரைபடத்தின் மூலம் ஆகும். நூற்றுக்கும் மேற்பட்ட காரணிகளை அம்புக்குறிகளால் இணைத்த அப்படத்தில் உடல் இயக்கம் தனித்தொகுதியாக இடம்பெற்றது. 2012-இல் லான்செட் இதழின் சிறப்புத் தொடர், இயக்கமின்மையை உலகப் பெருந்தொற்று என்று வருணித்து, முறைமை அணுகுமுறையை வலியுறுத்தியது.

பொகோட்டாவின் சிக்ளோவியா

பொகோட்டா, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள நகரம். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறை நாட்களிலும் காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை இந்நகரின் முதன்மைச் சாலைகளில் 120 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளம் ஊர்திகளுக்கு மூடப்பட்டு, நடப்போர்க்கும் ஓடுவோர்க்கும் மிதிவண்டியினர்க்கும் விடப்படுகிறது. இதுவே சிக்ளோவியா எனப்படுவது. எசுப்பானியத்தில் இச்சொல்லுக்கு மிதிவண்டிப் பாதை என்பது பொருள்.

முதல் நிகழ்வு 1974 திசம்பர் 15 அன்று, ஊர்திகளின் பெருக்கத்துக்கு எதிரான மிதிவண்டிக்காரர்களின் பொதுமக்கள் போராட்டமாக நடந்தது. சில மணி நேரம் மூடப்பட்ட சாலைகளில் ஏறத்தாழ 5,000 பேர் கலந்துகொண்டனர். 1976-இல் மேயர் லூயிசு பிரியெட்டோ ஒகம்போ இதனை ஆணை மூலம் ஏற்றார். 1980-களின் தொடக்கத்தில் மேயர் அகுசுட்டோ ராமிரெசு ஒகம்போ காலத்தில் 50 கிலோமீட்டரைத் தாண்டி விரிவடைந்த இத்திட்டம், பிறகு வந்த ஆண்டுகளில் தேய்ந்து, 1990-களின் நடுவில் ஏறத்தாழ 20 கிலோமீட்டராகச் சுருங்கியது.

திருப்பம் 1995-இல் நிகழ்ந்தது. அதுவரை திட்டம் நகரின் போக்குவரத்துத் துறையிடம் இருந்தது. ஊர்திகளைத் தடையின்றி ஓடச் செய்வதைத் தன் கடமையாகக் கருதும் துறைக்கு, சாலையை மூடுவது எப்போதும் இரண்டாம் வேலையாகவே இருக்கும். அவ்வாண்டு, அண்டானாசு மொக்கூசு மேயராக இருந்தபோது, பொறுப்பு நகரின் பொழுதுபோக்கு, விளையாட்டுக் கழகத்துக்கு மாற்றப்பட்டது. மக்கள் எத்தனை பேர் வந்தனர் என்பதே அக்கழகத்தின் வெற்றிக்கு அளவுகோல். சாலைகள் பழையவையே. ஆனால் சில ஆண்டுகளில் நீளம் நூறு கிலோமீட்டரைக் கடந்தது. மெடோசு கூறும் குறிக்கோள் மாற்றத்துக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

பொறுப்பு மாறினாலும் பிற துறைகள் விலகவில்லை. சந்திப்புகளில் போக்குவரத்துக் காவலர்கள் உதவுகின்றனர். சீருடை அணிந்த வழிகாட்டிகள் நிறுத்தப் பலகையுடன் நின்று மிதிவண்டிகளையும் குறுக்கே செல்லும் ஊர்திகளையும் மாறி மாறி விடுகின்றனர். இருவழிச் சாலைகளில் ஒரு பக்கம் மட்டும் மூடப்பட்டு, மறுபக்கத்தில் ஊர்திகள் செல்கின்றன. மிதிவண்டி பழுதுபார்ப்போரும் பழச்சாறு விற்போரும் வழி நெடுகக் கடை போடுகின்றனர். இச்சிறு வணிகர்கள் எந்தத் திட்ட ஆவணத்திலும் துறையாக எண்ணப்படுவதில்லை. ஆயினும், சாலை மூடப்படுவதால் வருவாய் ஈட்டும் ஒரு தரப்பு இருப்பது திட்டத்துக்கு வலுச் சேர்க்கிறது.

அதே 1995-இல் ரெக்ரியோவியா என்னும் துணைத் திட்டமும் தொடங்கியது. பூங்காக்களிலும் திறந்த வெளிகளிலும் இசையுடன் கூடிய கூட்டு உடற்பயிற்சி இதில் கட்டணமின்றிக் கற்பிக்கப்படுகிறது. இவ்வகுப்புகளுக்கு வருவோருள் பெரும்பான்மையினர் பெண்கள். சாலையைத் திறந்துவிட்டால் மட்டும் எல்லோரும் வந்துவிடுவதில்லை என்பதையும், ஒரு தலையீட்டின் இடைவெளியை மற்றொன்று நிரப்ப வேண்டும் என்பதையும் இது காட்டுகிறது. சிக்ளோவியாவில் பங்கேற்போருள் குறைந்த வருவாயினரும் நடுத்தர வருவாயினரும் மிகுதி என்று ஆய்வுகள் கூறுகின்றன. பூங்காக்கள் குறைந்த பகுதிகளில் வாழ்வோர்க்கு ஞாயிற்றுக்கிழமைச் சாலையே பூங்காவாகிறது.

1998 முதல் 2000 வரை மேயராக இருந்த என்ரிக்கே பெனியலோசா, நடைபாதைகளில் ஊர்திகள் நிறுத்தப்படுவதைத் தடுத்தார். நிரந்தர மிதிவண்டிப் பாதைகளை அமைத்தார். டிரான்சுமிலேனியோ விரைவுப் பேருந்துத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தனர். 2000 பெப்ரவரி 24 அன்று கார் இல்லா நாள் முதன்முதலாகக் கடைப்பிடிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் நடந்த பொது வாக்கெடுப்பில் மக்கள் அதனை ஆண்டுதோறும் நடத்த ஒப்புதல் அளித்தனர். பல ஞாயிற்றுக்கிழமைகளில் கார் இல்லாத சாலையைக் கண்டு பழகிய நகரம் அது என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். 2007-இல் சிக்ளோவியாவின் நேரத்தைக் குறைக்க நாடாளுமன்றத்தில் முன்மொழியப்பட்ட சட்ட வரைவு, பொதுமக்களின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது.

2020 மார்ச்சில் கோவிட்-19 பரவியபோது, பேருந்துக் கூட்டத்தைக் குறைக்க நகர நிருவாகம் பல பத்துக் கிலோமீட்டர் தற்காலிக மிதிவண்டிப் பாதைகளைச் சில நாட்களிலேயே அமைத்தது. சாலையை மூடும் பயிற்சி பெற்ற ஆட்களும் தடுப்புக் கூம்புகளும் பல்லாண்டுகளாக அந்நகரிடம் இருந்தன. அப்பாதைகளுள் சில பின்னர் நிரந்தரமாயின.

பொகோட்டாவில் உள்ள ஆண்டெசு பல்கலைக்கழகத்தின் ஓல்கா லூசியா சார்மியெண்டோவும் அவருடைய குழுவினரும் சிக்ளோவியாவைப் பல கோணங்களில் ஆராய்ந்துள்ளனர். 2012-இல் வெளியான செலவு-பயன் ஆய்வின்படி, பொகோட்டாவில் பங்கேற்பாளர் ஒருவருக்கு ஆண்டுச் செலவு 6 அமெரிக்க டாலர். செலவிடப்படும் ஒவ்வொரு டாலருக்கும் 3.23 முதல் 4.26 டாலர் வரை மருத்துவச் செலவு மிச்சமாகிறது. ஆண்டில் சில நாட்கள் மட்டும் இதனை நடத்திய சான் பிரான்சிசுகோவில் ஒருவருக்கான செலவு 70.5 டாலராக இருந்தது. இத்திட்டத்தில் பங்குபெறும் நிறுவனங்களின் வலையமைப்பை ஆராய்ந்து 2014-இல் வெளிவந்த கட்டுரை, இதனைத் தானே ஒழுங்கமைந்த பல்துறைத் திட்டம் என்று தலைப்பிலேயே குறித்தது.

அகிட்டா சாவோ பாவுலோ

பிரேசிலின் சாவோ பாவுலோ மாநிலத்தில் 1996-இல் தொடங்கிய அகிட்டா சாவோ பாவுலோ வேறொரு வழியைக் காட்டுகிறது. விக்டர் மட்சுடோ தலைமையிலான செலாஃபிசுகசு என்னும் ஆய்வு மையமும் மாநிலச் சுகாதாரத் துறையும் இதனை நடத்தின. நாளொன்றுக்கு 30 நிமிட மிதமான இயக்கம் என்னும் ஒரே செய்தியை வைத்துக்கொண்டு, பள்ளிகள், தொழிற்சங்கங்கள், தொழில் நிறுவனங்கள், உள்ளாட்சிகள் என முந்நூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பங்காளிகளாயின. ஒவ்வொன்றும் தன் வேலைக்கு ஏற்ற வகையில் அச்செய்தியைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று விடப்பட்டது. பொகோட்டாவில் பலரைச் சேர்த்தது ஓர் இடம். சாவோ பாவுலோவில் ஒரு செய்தி. 2002-ஆம் ஆண்டு உலக சுகாதார நாளின் கருப்பொருளாக உடல் இயக்கம் தெரிவு செய்யப்பட்டதற்கும், அதன் தொடக்க விழா சாவோ பாவுலோவில் நடந்ததற்கும் இத்திட்டமே காரணமாயிற்று.

உலகச் செயல்திட்டம், 2018–2030

2018 மே மாதத்தில் 71-ஆவது உலக சுகாதாரப் பேரவை ஏற்ற இத்திட்டம், அவ்வாண்டு சூன் 4 அன்று லிசுபனில் வெளியிடப்பட்டது. உடல் இயக்கமின்மையை 2030-க்குள் 15 விழுக்காடு குறைப்பது இதன் இலக்கு. இயங்கும் சமூகம், இயங்கும் சூழல், இயங்கும் மக்கள், இயங்கும் முறைமைகள் என்னும் நான்கு நோக்கங்களின் கீழ் 20 கொள்கைச் செயல்கள் தரப்பட்டுள்ளன. நான்காவது நோக்கம் பிற மூன்றையும் தாங்குவது. தலைமை, துறைகளுக்கிடையிலான ஒருங்கிணைப்பு, தரவு, ஆய்வு, நிதி ஆகியவை அதில் அடங்கும்.

நடைமுறை இலக்குக்கு எதிர்த்திசையில் சென்றுள்ளது. 2016-க்கு 27.5 விழுக்காடாக முன்பு மதிப்பிடப்பட்ட அளவு, 2022-இல் 31 விழுக்காட்டைத் தாண்டியது. இப்போக்குத் தொடர்ந்தால் 2030-இல் ஏறத்தாழ 35 விழுக்காட்டை எட்டும் என்று கணிக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டு நிலை அறிக்கையின்படி, நாடுகளுள் பாதிக்கும் குறைவானவையே தேசிய உடல் இயக்கக் கொள்கை கொண்டிருந்தன. அவற்றுள்ளும் செயற்பாட்டில் இருந்தவை 40 விழுக்காட்டுக்கும் குறைவு. ஏட்டில் ஒரு துறையின் பெயரிலும், செலவில் எத்துறையின் பெயரிலும் இல்லாத கொள்கைகள் இவ்வாறு ஆவது வியப்புக்குரியதன்று.

கருவிகள்

காரண-விளைவுச் சுழற்சிப் படம், இருப்பு-ஓட்டப் படிமம், நிறுவன வலையமைப்புப் பகுப்பாய்வு ஆகியவை பெரிதும் பயன்படுபவை. பல துறை அலுவலர்களையும் ஊர் மக்களையும் ஒரே மேசையில் அமர்த்திப் படத்தை வரையச் செய்யும் குழுப் படிமமாக்கமும் உண்டு. இதில் படத்தைவிட, சாலைப் பொறியாளரும் பள்ளி ஆசிரியரும் முதன்முறையாக ஒருவர் சிக்கலை ஒருவர் கேட்பதே பெரும்பயன் எனலாம். ஆஸ்திரேலியாவில் நாடளாவிய கொள்கைக்கான முறைமைப் படம் 2020-இல் வெளியானது. இங்கிலாந்தில் விளையாட்டு மேம்பாட்டு நிறுவனமான சுபோர்ட் இங்கிலாந்து 2017-இல் 12 பகுதிகளைத் தெரிவு செய்து, உள்ளூர் முறைமையை மாற்றும் முன்னோட்டத் திட்டங்களுக்கு நிதி அளித்தது.

இந்தியாவில்

2022-இல் இந்தியாவின் வளர்ந்தோருள் ஏறத்தாழ பாதிப் பேர் போதிய இயக்கமின்றி இருந்ததாக மேற்கூறிய 2024 ஆய்வு மதிப்பிட்டது. பொகோட்டாவை முன்மாதிரியாகக் கொண்டு 2013 நவம்பரில் குர்கானில் ராகிரி நாள் தொடங்கப்பட்டது. 2014-இல் சென்னை பெசன்ட் நகரிலும் கார் இல்லா ஞாயிறு நடத்தப்பட்டது. அதே ஆண்டு சென்னை மாநகராட்சி, நடப்போர்க்கும் மிதிவண்டியினர்க்கும் முன்னுரிமை தரும் மோட்டார் சாராப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது.

விமர்சனங்கள்

முறைமைப் படங்கள் சிக்கிய நூற்கண்டு போல் இருப்பதால், எங்குத் தொடங்குவது என்பதையே மறைத்துவிடுகின்றன என்பது பரவலான குறை. 2007-ஆம் ஆண்டு பிரித்தானியப் படமும் இக்குறைக்கு உள்ளாயிற்று. எல்லாத் துறைக்கும் பொறுப்பு என்பது எத்துறைக்கும் பொறுப்பில்லை என்றாகிவிடும் ஆபத்தும் உண்டு. கூட்டங்கள் பெருகி, நடைபாதை அப்படியே இருப்பதை ஒருங்கிணைப்பு என்று அறிக்கையில் எழுதிவிட முடியும்.

மதிப்பீடு மற்றொரு சிக்கல். ஒரு நகரத்தைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் கொள்கையை அளித்துப் பார்க்க முடியாது. எனவே மருந்துகளைச் சோதிக்கும் முறைக்குப் பதிலாக, புதிய பாதையோ பேருந்துத் தடமோ வரும்போது முன்னும் பின்னும் அளந்து பார்க்கும் இயற்கைச் சோதனைகளை ஆய்வாளர்கள் நாடுகின்றனர். ஹாரி ரட்டரும் பிறரும் 2017-இல் லான்செட்டில் எழுதிய கட்டுரை, ஒரு தலையீடு தனியே சிக்கலைத் தீர்த்ததா என்று கேட்பதை விட்டு, அது முறைமையை எவ்வாறு மாற்றியமைத்தது என்று கேட்க வேண்டும் என வாதிட்டது. இதனை ஏற்காதோர், இவ்வாறு கேட்டால் எந்தத் திட்டமும் தோற்றதாகக் காட்ட இயலாது என்கின்றனர்.

அரசியல் பற்றியும் முறைமைப் படங்கள் போதிய அளவு பேசுவதில்லை. அம்புக்குறிகள் காரணத்தைக் காட்டுமே அன்றி, யாருக்கு இழப்பு என்பதைக் காட்டா. பொகோட்டாவில் கார் உரிமையாளர்களும் கடைக்காரர்களும் எதிர்த்ததும், சிக்ளோவியா இருமுறை விரிந்து ஒருமுறை சுருங்கியதும் மேயர்கள் மாறியதோடு தொடர்புடையவை.